மனாலின் தலையை நான் பார்த்துக்கொண்ட விதம்

ஈரத் தலையைத் துவட்டப் பழைய பருத்தி பனியனைவிட நல்ல துணி கிடையாது. துவாலை வேண்டாம். உங்கள் தொப்பிக்கு வெளியே காதோரம் முடி பிசிறிக்கொண்டு நிற்கிறதே, அது துவாலை செய்த வேலை. அல்ஜியர்ஸில் எல்லாரும் கடல் காற்றைத்தான் திட்டுவார்கள். காற்றின் மேல் பாதிப் பழிதான் உண்டு, மீதி நம் கையில். கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தொரு வருடமாகப் பெண்களின் தலையைப் பார்த்தே பிழைக்கிறேன். எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். என் தங்கை ஹசீபா காவல் நிலையத்துக்கு வந்து சொன்னது உண்மையா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். கல்யாணக் குளியலன்று தன் மகள் தலையில் தவறான கிண்ணத்தில் இருந்ததை எடுத்துப் பூசியவள் தானே என்றும், பார்லர்காரப் பெண் கவ்ஸர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அன்று அந்தக் கிண்ணங்களில் கலக்கி வைத்தவள் நான் என்பதால் நான் ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், கைதவறி நடந்த விபத்து என்று வழக்கை முடித்துவிடலாம் என்றீர்கள். சின்ன வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் பேச வேண்டும். கடையை மூடிவிட்டேன், யாரும் வரமாட்டார்கள்.

மனால் ஹசீபாவின் ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லித்தான் என் கணவர் மூன்றாம் வருடம் என்னை விவாகரத்து செய்தார். ஹசீபாவின் கணவருக்குத் தெற்கே பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இவளும் பள்ளி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாள். அதனால் மனாலுக்கு ஆறு வயது நடக்கும்போது அவள் தலை என் பொறுப்புக்கு வந்தது. குழந்தையின் மற்றதெல்லாம் தாயிடம் இருந்தது. பசி, ஜுரம், பள்ளிக்கூடம், செல்லம் எல்லாம் அங்கே. எனக்கு வந்தது தலை மட்டும்.

அவளுக்கு அலை அலையான முடி. நேராக விழும் முடிக்கு ஒரு பிடிவாதம் உண்டு, சுருட்டைக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அலைமுடிதான் பாவம், அது யார் எப்படி நடத்தினாலும் அப்படி ஆகிவிடும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தோடு ஈரமாகக் கிரீமைத் தடவி, உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிட வேண்டும். பிறகு முழுக்கக் காய்கிறவரை கை வைக்கக் கூடாது. காய்ந்தபின் பிரஷ் பக்கமே போகக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. தொழில் கற்றுக்கொண்ட காலத்திலேயே எனக்கு இது தெரியும். தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மனாலுக்கு நான் சொல்லிக்கொடுத்தது வேறு. காலையிலும் மாலையிலும் காய்ந்த முடியை நூறு தடவை பிரஷ்ஷால் வாரச் சொன்னேன். துணிக்குப் போடும் பச்சை சோப்பால் தேய்க்கச் சொன்னேன். துவாலையால் நன்றாக அழுத்தித் துவட்டச் சொன்னேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. ஒரு தடவைகூட நூறு தொண்ணூற்றொன்பது ஆனதில்லை.

முதலில் இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு தடவை சரியான முறையில் கழுவி விட்டேன். முடி பத்து நாள் அழகாக இருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. குழந்தை மேல் தப்பில்லை, வர வேண்டிய வேலை இல்லை. அடுத்த தடவை பிரஷ்ஷை வாங்கிக் கையில் கொடுத்தேன்.

அதன்பின் வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். மெத்தைக்குள் அடைக்கிற ஆட்டு மயிர் மாதிரி இருக்கிறதென்று பள்ளியில் அவளுக்கு 'மெத்தைக் கம்பளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மெத்தைக் கம்பளி வருது, வழி விடுங்கடி" என்று சொல்வார்களாம். அழுது மூக்கெல்லாம் சிவந்துபோய் இதோ இந்த நாற்காலியில் ஏறி உட்காருவாள்.

"பெரியம்மா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உன் தப்பு இல்லடா கண்ணு. பிறவியிலேயே கெட்ட முடி. என் கைக்கு மட்டும்தான் அடங்கும்."

எண்ணெய் வைத்து, அலசி, பின்னால் இழுத்துக் கட்டி, கர்தூன் சுற்றுவேன். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், அந்த ஐந்து முழ நாடா. அடியிலிருந்து நுனிவரை சந்து விடாமல் இறுக்கிச் சுற்றினால் முதுகில் ஒரு கம்பு தொங்குகிற மாதிரி இருக்கும். மறுநாள் பிரித்தால் முடி வழுவழுவென்று நேராக விழும். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறன்று பள்ளிக்கூடத்தில் அவள் இளவரசி. செவ்வாய்க்கிழமை கடல் ஈரமும் பிரஷ்ஷும் சேர்ந்து மறுபடி மெத்தைக் கம்பளி ஆக்கிவிடும். புதன்கிழமை அழுவாள். வியாழக்கிழமை வருவாள்.

பதினாறு வருடம் இப்படிப் போனது. நான் அடித்தேனா, திட்டினேனா? அவள் தலையில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது, தலை நனையும் என்று இறங்கவே மாட்டாள். கட்டடக்கலை படிக்கத் தொலைவில் கான்ஸ்டன்டைன் நகரத்தில் இடம் கிடைத்தது. "அங்க யாரு எனக்கு தலை கட்டுவா?" என்று சிரித்துக்கொண்டே அந்தக் கடிதத்தை மடித்து வைத்தாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்தூனை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கவ்ஸர் நாலு கடை தள்ளி பார்லர் திறந்தாள். இருபத்தாறு வயசுப் பெண், வாய் ஓயாது, அவள் தலையிலும் அதே அலைமுடி. ஜனவரியில் ஒரு மழைநாள், மனால் தொப்பலாக நனைந்து ஒதுங்க இடமில்லாமல் அவள் கடைக்குள் நுழைந்துவிட்டாள். நான் அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது யாரோ ஒரு பெண் என் கடை வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோளுக்குக் கீழே வரை பழுப்பு அலை, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு நல்ல முடி எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்று நினைத்தேன். அவள் திரும்பினாள்.

"பெரியம்மா, பாருங்க. அரை மணி நேரம்தான் ஆச்சு. வாரவே இல்ல, சும்மா கையால கசக்கி விட்டாங்க."

"நல்லா இருக்கு."

"இது கெட்ட முடியே இல்லியாம். பிரஷ்ஷ தூக்கிப் போடுன்னாங்க." கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு இது தெரியாதா பெரியம்மா?"

"தெரியாதுடா. எங்க காலத்துல யாரு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா?"

அவள் அதை நம்பினாள். என்மேல் இரக்கம்கூட வந்தது. "அதனால என்ன, நான் உங்களுக்கு சொல்லித் தரேன்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த முடி என் கன்னத்தில் பட்டது.

அந்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பிறகு வேறு நாட்களில் வந்தாள், இனிப்பு கொண்டுவந்தாள், அரட்டை அடித்தாள், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். நீச்சல் கற்றுக்கொண்டாள். கடற்கரையில்தான் ஃபாரிஸைப் பார்த்தாள். பொறியாளர், மாண்ட்ரியலில் வேலை. கல்யாணம் முடிந்ததும் அங்கே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே காற்று வறண்டதாம், முடி பிசிறவே பிசிறாதாம். அதை அவள் ஒரு பெரிய வரவு மாதிரி என்னிடம் சொன்னாள்.

கல்யாணத்துக்குக் கர்தூன் வேண்டாம், அலையை அப்படியே விரித்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அலங்காரம் கவ்ஸர். "நீங்க விருந்தாளியா வந்து ஜம்முனு உட்காருங்க பெரியம்மா. எனக்கு தலை கட்டிக் கட்டியே உங்க கை தேஞ்சு போச்சு, ஒரு நாளாவது ஓயட்டும்." அன்புக்குச் சொன்னதுதான். அன்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

குளியலுக்கு வருகிறேன்.

மணப்பெண்ணின் தலைக்குக் கழுவு மண்ணை, தலை அலசுகிற அந்தக் களிமண்ணை, முதலில் யார் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் புருஷனோடு வாழ்கிறவள், தலைப்பிள்ளை உயிரோடு இருப்பவள் வைக்க வேண்டும். விவாகரத்து ஆனவள், பிள்ளை பெறாதவள் தொடக்கூடாது. அந்தத் தலையைப் பதினாறு வருடம் பார்த்தவள் அன்று சுவரோரம் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா அதை நாசூக்காகத்தான் சொன்னாள். "நீ மண்ணக் கலக்கிக் குடும்மா, உனக்குத்தான் பதம் தெரியும். வைக்கிறத மட்டும் ஹசீபா வைக்கட்டும்."

கலக்கிக் கொடுத்தேன்.

அந்த நாளுக்குக் குளியல் கூடத்தை முழுக்க நம் வீட்டுப் பெண்களுக்காகவே எடுத்திருந்தோம். காலை பத்து மணி. மெழுகுவர்த்தி, குலவை, பாட்டு, ஆவி. சூட்டுக் கல்லின் மேல் இரண்டு செம்புக் கிண்ணம் வைத்தேன். ஒன்றில் பெண்ணின் தலைக்குக் கழுவு மண், பன்னீரும் கிராம்பும் சேர்த்தது. இன்னொன்றில் சுண்ணாம்புப் பசை, பெண்ணுக்குத் தலை முடிந்த பிறகு மற்ற பெண்கள் உடம்பு முடி எடுப்பதற்காக. எங்கள் குடும்பத்தில் இன்னும் டியூப் கிரீமுக்கு மாறவில்லை. கலந்தபின் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். கெட்ட வாடை வரும் என்று பசையிலும் பன்னீரும் கிராம்பும் விடுவது வழக்கம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஹசீபா அழுதுகொண்டே வந்தாள். மகள் கடல் தாண்டிப் போகிறாள் என்ற அழுகை. எனக்கு எதிர்ப்பக்கம் மண்டியிட்டாள்.

"அக்கா, எது தலைக்கு?"

"இடப்பக்கம்."

எடுத்து வைத்தாள். அடி முதல் நுனிவரை, பெண்கள் குலவையிட, ஒரு இழை விடாமல் பூசினாள். நல்ல கை அவளுக்கு, அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மனால் முகத்தைச் சுளித்தாள்.

"பெரியம்மா, எரியுது."

"நல்ல மண்ணுன்னா அப்படித்தான்டா. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் பொறுத்துக்கொள்வாள். பிறகு ஹசீபா வெந்நீர் ஊற்றினாள். தண்ணீரோடு முடியும் வந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. ஹசீபா கையில் சுற்றியதை உதறினாள், மறுபடி ஊற்றினாள், மறுபடி வந்தது. சாக்கடைத் துளை அடைத்துக்கொண்டு தரையில் தண்ணீர் தேங்கியது. குலவை ஒவ்வொருவராக நின்றது. கடைசியில் ஒரு கிழவி மட்டும் கண் தெரியாமல் குலவையிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மற்ற கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துக் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு சொன்னேன்: "நேத்து அந்தப் பொண்ணு கடையில என்னத்தத் தடவினாளோ."

முந்தின நாள் கவ்ஸர் அவளுக்குக் கிரீம் வைத்து விட்டிருந்தாள், அது எல்லாருக்கும் தெரியும். நான் அவள்தான் செய்தாள் என்று சொல்லவில்லை, என்னத்தத் தடவினாளோ என்றுதான் சொன்னேன். பத்துப் பெண்கள் அதைப் பத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் கவ்ஸர் கடைக் கண்ணாடி உடைந்தது. ஒரு வாரத்தில் சீல் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் புகார் கொடுத்தார்கள், மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது.

கவ்ஸர் ஒருநாள் இங்கே வந்தாள். வாய் ஓயாத பெண், வாசலிலேயே நின்றாள். "அக்கா, நீங்க தொழில் தெரிஞ்சவங்க. ஒரு கிரீம் இப்படிச் செய்யுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே நம்பும்." நான் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "எனக்கு என்னம்மா தெரியும்" என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு நன்றி சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று ஒரு வாய் ரொட்டி உள்ளே இறங்கவில்லை. நான் கல் இல்லை. செய்தது பாவம் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் தெரியும், தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தூக்க வெட்கமாக இருக்கும்.

ஹசீபா அதைவிடக் கஷ்டம். அவள் தன் தலை சீவுவதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாலே ஒரே கேள்வி.

"அக்கா, நாம எதிரெதிர்ல உட்கார்ந்திருந்தோம். நீ சொன்னது உன் இடதா, என் இடதா?"

"விடு ஹசீபா. உன்னை யாரு குறை சொன்னா?"

"நான் என் இடதுன்னு எடுத்தேன். நீ உன் இடத சொல்லியிருந்தா?"

அவள் தோளை அணைத்து முதுகைத் தடவிக்கொடுப்பேன். எட்டு மாதம் அவள் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கூடப்பிறந்தவள். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃபாரிஸ் நல்ல பையன், தினமும் கூப்பிட்டான், முடியா முக்கியம் என்றான். இவள் எடுக்கவே இல்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். தாயைக்கூட முக்காட்டை எடுக்க விடவில்லை. என்னை மட்டும் விட்டாள். கற்றாழையும் எண்ணெயும் கொண்டு புண்ணை ஆற்றினேன். முதலில் வியாழன்தோறும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். மூன்றாம் மாதம் பூனை மயிர் மாதிரி முளைத்தது. ஆறாம் மாதம் பிடரியில் முதல் வளைவு விழுந்தது. இந்தத் தடவை அகலப் பல் சீப்பு, ஈரத்தில் கிரீம், எல்லாம் முறைப்படி செய்தேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் பெரியம்மா" என்றாள். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

போன வாரம் கவ்ஸருக்கு நீதிமன்றத் தேதி வந்தது. ஹசீபாவால் தாங்க முடியவில்லை. ராத்திரியில் மகள் கதவைத் தட்டி, நான்தான் கிண்ணத்தை மாற்றி எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் உங்களிடம் வந்தாள். எனக்கு எதுவும் தெரியாது. அன்று வியாழக்கிழமை, சாயங்காலம் வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். கதவு திறந்திருந்தது, கண்ணாடியின் மேல் துணி இல்லை. ஹசீபா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மனால் கீழே, தாயின் மடியில் தலை. ஹசீபா சீப்பைத் தப்புத் தப்பாகப் பிடித்திருந்தாள். மனால் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, "மெதுவாம்மா, நுனியிலேருந்து" என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பாவம், எட்டு மாசம் ஒத்தையா சுமந்திருக்காங்க" என்றாள். "நான் எப்படி கோவிச்சுக்க முடியும்? இனிமே என் தலைய அம்மாவே பாத்துக்கட்டும். அவங்க மனசுக்கும் ஆறுதலா இருக்கும். நீங்க எவ்வளவு நாள்தான் அலைவீங்க?" ஃபாரிஸோடு பேசிவிட்டாளாம். வசந்தத்தில் வருகிறானாம்.

எண்ணெயை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். என் முழுப்பெயர் ஷெரீஃபா பின்த் மக்லூஃப், வயது ஐம்பத்து நான்கு. அன்று சூட்டுக் கல்லின் மேல் கழுவு மண் இருக்கவே இல்லை. இடக் கிண்ணத்திலும் வலக் கிண்ணத்திலும் நான் கலந்தது சுண்ணாம்புப் பசைதான். ஹசீபா எந்தக் கையை நீட்டியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். கவ்ஸருக்கு இதில் ஒன்றும் தெரியாது. கடையைத் திறந்துவிடுங்கள்.

தங்கையைக் காப்பாற்றவா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அதுவும்தான். ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பொய் வேண்டாம். ஹசீபா செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொன்னாள், மனால் அவளை மன்னித்தாள், கையை முத்தமிட்டாள், தலையைக் கொடுத்தாள். அதெல்லாம் எனக்கு வர வேண்டியது. தாளைக் கொடுங்கள், ஒரு நகலை இன்றே மனாலிடம் சேர்த்துவிடுங்கள். செய்யாதவளுக்கே அவ்வளவு கொடுத்த பிள்ளை, செய்தது நான்தான் என்று தெரிந்தால் என்னிடம் வராமல் வேறு எங்கே போவாள்?